சிஸ்டர் துடைக்கச் சொன்ன குங்குமம்

சிஸ்டரின் கைப்பையைத் திறந்தால் முதலில் தெரிவது துணிதான். பழைய வெள்ளைச் சேலையைக் கிழித்து, ஓரம் தைத்து, நாலாக மடித்து ஏழெட்டு வைத்திருப்பார். டீக்கடைக்கு வந்தால் பெஞ்சைத் துடைத்துவிட்டுத்தான் உட்காருவார். பிறகு கிளாசின் விளிம்பைத் துடைப்பார். பக்கத்தில் இருப்பவர் கொஞ்சம் அசந்தால் அவர் கிளாசையும் வாங்கித் துடைத்துக் கொடுத்துவிடுவார். டீக்கடைக்காரர் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் சொன்னார்.

"சிஸ்டர், கடையவே தொடச்சு விட்டுட்டுப் போங்களேன். நாளைக்கு எனக்கு லீவு."

"நீங்க தொடச்சா நான் ஏன் தொடைக்கேன் அண்ணாச்சி? ஒங்க துணியப் பிழிஞ்சா நாலு வடை சுடலாம்."

பெரியவனே, சின்னவளே, உங்கள் இரண்டு பேரின் மூக்கையும் அந்தத் துணியால் அவர் துடைத்திருக்கிறார். பெரியவனுக்கு லேசாக ஞாபகம் இருக்கலாம். சின்னவளுக்கு இருக்காது. அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதினால் யாராவது போனில் படம் பிடித்து நாலு பேருக்கு அனுப்புவார்கள். ஏற்கெனவே ஒருமுறை அப்படி அனுப்பித்தான் அவர் ஊரைவிட்டுப் போனார்.

நான் அவரை முதலில் பார்த்தது ஒரு கண்ணால்தான். இன்னொரு கண்ணில் இரும்புத்தூள் விழுந்திருந்தது. அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. தென்காசியில் ஒரு கிரில் பட்டறையில் கூலிக்கு இருந்தேன். ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் நர்சாக இருந்த சிஸ்டர்தான் கண்ணைக் கழுவினார்.

"வேலை செய்யும்போது கண்ணாடி போட மாட்டியளோ?"

"போடுவேன் சிஸ்டர்."

"போட்டிருந்தா இங்கன எதுக்கு வந்திய?"

அந்த நேரத்தில் ஒரு விபத்துக் கேஸ் வந்தது. சாரல் சீசன். குற்றாலத்துக்குப் போகிற வேன் ஒன்று சைக்கிளில் வந்த பையனை அடித்துவிட்டது. டாக்டர் நாடியைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கிவிட்டு நகர்ந்துவிட்டார். வெளியே அவனுடைய அம்மா கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். சிஸ்டர் கதவைத் திறக்கவில்லை. வெந்நீர் கொண்டுவரச் சொல்லி அந்த முகத்தைத் துடைத்தார். நெற்றி, காது, மூக்கோரம் என்று ஒவ்வொரு இடமாக. முடியைக்கூட விரலால் ஒதுக்கிவிட்டார்.

"சிஸ்டர், வெளிய கெடந்து கதறுதாவ. விட்டுருவமா?" என்று அங்கே வேலை பார்க்கிற ஆள் கேட்டார்.

"ஒரு நிமிசம் பொறுங்க. அந்தம்மா இனி ஆயுசு பூரா நெனைக்கப் போறது இந்த மொகத்தத்தான். மொகம் தெரியணும்லா."

நான் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் துடைப்பது சுத்தத்துக்காக மட்டும் இல்லை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். மற்றவர்கள் அதைக் கைப்பழக்கம் என்றே நினைத்தார்கள்.

ரிட்டையர் ஆன பிறகும் சிஸ்டர் சைக்கிளில்தான் போவார். லேடீஸ் சைக்கிள், முன்னால் ஒரு கூடை. தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில் தினமும் காலையில் பார்க்கலாம். அந்த ரோட்டோரம் சைக்கிள் பாதை போட்டபோது அவரைவிடச் சந்தோஷப்பட்டவர் யாரும் கிடையாது. சிவப்புக் கல் பதித்து, வெள்ளைக் கோடு போட்டு அழகாகத்தான் இருந்தது. சீசன் வந்ததும் அது கார் நிறுத்துகிற இடம் ஆகிவிட்டது. இலஞ்சியிலிருந்தும் மேலகரத்திலிருந்தும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் பாதையைவிட்டு ரோட்டில் இறங்கி, பஸ்ஸுக்கும் வேனுக்கும் நடுவில் ஓட்டினார்கள்.

சிஸ்டர் ஒருநாள் பட்டறைக்கு வந்தார். அதற்குள் நான் சொந்தமாகப் பட்டறை வைத்திருந்தேன். ஸ்டூலைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"தம்பி, வெறும் கோடு போட்டா கார்க்காரன் ஏறிருதான். ஒரு ஆளு நின்னா ஏற மாட்டான்."

"நாள் பூரா எந்த ஆளு சிஸ்டர் நிக்கும்?"

"இரும்புல செஞ்சா நிக்கும்லா?"

அப்படித்தான் அந்தச் சிலைகள் வந்தன. ஏழு சிலை. பழைய சைக்கிள் ரிம், செயின், கம்பி, தகடு, இவற்றை ஒட்டிச் செய்ய வேண்டும், பார்க்க அழகாகவும் இருக்க வேண்டும். அனுமதி கேட்டு சிஸ்டர் எத்தனை படி ஏறி இறங்கினார் என்று எனக்குத் தெரியாது. கடைசியில் ஒரு தாள் கிடைத்தது. வைத்துக்கொள்ளலாம், செலவை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று அதில் இருந்தது. கூட வேலை பார்த்த நர்சுகள் கொடுத்தார்கள். குற்றாலத்தில் பழக்கடை போடுகிற பெண்கள் கொடுத்தார்கள். சைக்கிள் கடைக்காரர்கள் பழைய சாமான் கொடுத்தார்கள். பெரிய பங்கு லாட்ஜ் அண்ணாச்சியுடையது. என் பட்டறை இருந்த இடமும் அவருடையதுதான். சிஸ்டரோடு நானும் அவர் லாட்ஜுக்குப் போயிருந்தேன்.

"தாராளமாச் செய்வோம் சிஸ்டர். சிலைக்குக் கீழ உபயம்னு போட்டு லாட்ஜ் பேரு, போன் நம்பர், ஏசி ரூம் உண்டு, அம்புட்டும் பெருசா எழுதிருங்க."

"அண்ணாச்சி, சைக்கிள்ல போறவன் அம்புட்டையும் படிச்சான்னா கீழ விழுவான். அப்புறம் அவனுக்குக் கட்டுப் போட நாந்தான் வரணும்."

"அப்ப பேரே கெடையாதா?"

"உண்டு. பின்பக்கம், சின்னதா. எல்லார் பேரும் ஒரே அளவுல."

லாட்ஜ் அண்ணாச்சி சிரித்துக்கொண்டேதான் கொடுத்தார். ஆனால் சிஸ்டர் போன பிறகு என்னைப் பார்த்து, "வே, பழக்காரி பேரும் எம் பேரும் ஒரே அளவுலயா?" என்று கேட்டார்.

எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. கேட்டோ ஷட்டரோ எது செய்தாலும், நாட்டி முடித்ததும் சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டித் தேங்காய் உடைப்போம். அதைச் செய்யாமல் கையை எடுத்தால் மனசு கேட்காது. முதல் சிலை ஒரு குரங்கு. சுற்றுலாக்காரரின் பையைப் பறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற குற்றாலத்துக் குரங்கு. அதை நாட்டியதும் நெற்றியில் பொட்டு வைத்துச் சூடம் காட்டினேன். சிஸ்டர் வேதக்காரர், கிறிஸ்தவர், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். ஆனாலும் பொறுமையாக நின்றார். காற்றில் சூடம் அணையாமல் குடையை விரித்து மறைத்துக்கூடப் பிடித்தார். முடிந்ததும் துணியை எடுத்தார்.

"ஒங்க தொழிலுக்கு மொறை, செஞ்சிட்டிய. இப்ப தொடச்சிருவோம். இப்பிடியே விட்டா சனிக்கெழமைக்கு வடைமாலை போட்டிருவாவ. பெறகு பாதையில சைக்கிள் போவாது, கியூதான் நிக்கும்."

நானும் சிரித்தேன். அவரே துடைத்தார். ஆறு சிலைக்கும் இப்படித்தான் நடந்தது. நான் வைப்பேன், அவர் துடைப்பார்.

ஏழாவது சிலை, அருவியில் குளித்துவிட்டு நிற்கிற பெண். அவளை நான் ஆசையாகச் செய்தேன். ஈரமுடி தோளில் விழுந்து கிடக்கிற மாதிரி சைக்கிள் செயின்களை வரிசையாக வைத்து ஒட்டினேன். கண்ணுக்குப் பேரிங் குண்டு. துருப்பிடிக்காமல் இருக்கச் சிவப்பு பிரைமர் அடித்திருந்தேன். மேலே பச்சை அடிக்க நினைத்தபோது சிஸ்டர்தான் வேண்டாம் என்றார்.

"செவப்பே இருக்கட்டும் தம்பி. தூரத்துலருந்தே தெரியும், டிரைவர் வேகத்தக் கொறைப்பான்."

இடத்தையும் அவர்தான் சொன்னார். ரோடு திரும்புகிற ஒரு வளைவு. "என் வார்டுக்கு வந்ததுல பாதிப்பேரு இந்த வளைவுலருந்து வந்தவங்கதான்" என்றார்.

நாட்டி முடித்துச் சூடம் காட்டும்போது சாரல் பிடித்துக்கொண்டது. சிஸ்டருக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். நடுங்கிக்கொண்டு நின்றார். நான்தான், "நீங்க போங்க சிஸ்டர், நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். பையிலிருந்து ஒரு துணியை எடுத்துக் கொடுத்தார்.

"தொடச்சிருங்க தம்பி, மறந்துராதீய."

"சரி சிஸ்டர்."

துணியைக் கையில் வைத்துக்கொண்டு சிலைக்கு முன்னால் நின்றேன். பிள்ளைகளே, குரங்கு நெற்றியில் இருக்கிற பொட்டை அழிப்பது வேறு. இவள் பெண். நனைந்த முடியோடு, நெற்றி நிறையக் குங்குமத்தோடு நிற்கிறாள். பெண்ணின் நெற்றிக் குங்குமத்தை ஓர் ஆண் எப்படி அழிப்பான்? எந்த வீட்டில் எப்போது அழிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் அம்மா அப்போது சின்னவளை நிறைமாதமாக வயிற்றில் வைத்திருந்தாள். அவள் நினைப்புதான் வந்தது. மழையே கரைத்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

சந்தனத்தின் மேல் அழுத்தி வைத்த குங்குமம் கரையவில்லை.

இரண்டு நாள் கழித்து சிஸ்டர் பட்டறைக்கு வந்தார்.

"தொடச்சியளா தம்பி?"

"தொடச்சேன் சிஸ்டர்" என்று சொல்லி அவருடைய துணியை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை வாங்கி விரித்துப் பார்த்தார். திரும்ப நாலாக மடித்தார். "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவர் தெருமுனை திரும்பிய பிறகுதான் எனக்குப் புரிந்தது. துணி வெள்ளையாக இருந்தது. துவைத்தாலும் குங்குமக்கறை அவ்வளவு வெள்ளையாகப் போகாது. அது அவருக்குத் தெரியாமல் இருக்குமா?

அதற்குள் அந்த வளைவில் ஒரு லாரி டிரைவர் இறங்கிச் சூடம் ஏற்றியிருந்தார். அவர் மேல் தப்பில்லை. ஆள் சாகிற வளைவு, அங்கே திடீரென்று சிவப்பாக ஒரு பெண் நிற்கிறாள், நெற்றியில் பொட்டு இருக்கிறது. யாராக இருந்தாலும் கும்பிட்டுவிட்டுத்தான் போவார்கள். ஒரு வாரத்தில் எலுமிச்சம்பழ மாலை விழுந்தது. பிறகு மஞ்சள் துணி, விளக்கு. வண்டிகள் வேகத்தைக் குறைத்தன, சிஸ்டர் நினைத்த மாதிரியே. குறைத்ததோடு விடாமல் பாதையில் ஏறி நின்றன. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பழையபடி ரோட்டில் இறங்கினார்கள்.

சிஸ்டர் தினமும் காலையில் வாளியும் துணியுமாக வந்து துடைத்தார். சாயங்காலம் மறுபடி பொட்டு வந்துவிடும். ஆரம்பத்தில் யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. சாமி கும்பிட வந்த ஓர் அம்மா, "ஒனக்குக் கோடிப் புண்ணியம் தாயி, அம்மனக் குளிப்பாட்டுதியே" என்று அவர் கையைப் பிடித்துக் கும்பிட்டாளாம். சிஸ்டர் அதை என்னிடம் சொன்னபோது சிரிக்கவில்லை.

"எனக்கும் மனசு கேக்கல தம்பி. அந்தம்மா புள்ளைக்கு வேண்டிக்கிட்டு வந்திருக்கா. நான் அவ வச்ச பொட்ட அழிச்சிட்டு நிக்கேன்."

"அப்ப விட்டுருங்களேன் சிஸ்டர்."

"விட்டுட்டா ரோட்டுல போற புள்ளைய கதி?"

அவர் கேட்ட கேள்விக்கு ஒரு மாதத்தில் பதில் வந்தது. விளக்கிலிருந்து வழிந்த எண்ணெயில் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் சைக்கிள் வழுக்கிவிட்டது. நல்ல வேளை, பின்னால் வந்த பஸ்காரர் பிரேக் போட்டார். முழங்கைதான் முறிந்தது. சிஸ்டர் பையில் இருந்த துணியையெல்லாம் முடிச்சுப் போட்டு அவள் கையைத் தூக்கிக் கட்டி ஆட்டோவில் ஏற்றினார். மறுநாள் சோப்புப்பொடி போட்டு அந்த இடம் முழுவதையும் தேய்த்துக் கழுவினார். மாலைகளை எடுத்து ஓரத்தில் வைத்தார். நெற்றியை அழுத்தித் துடைத்தார். யாரோ அதைப் போனில் படம் எடுத்தார்கள்.

மத்தியானத்துக்குள் ஊர் முழுக்க அந்தப் படம் சுற்றியது. வேதக்காரி நம்ம அம்மன் பொட்ட அழிக்கா என்று கீழே எழுதியிருந்தார்கள். எண்ணெயில் விழுந்த பிள்ளையைப் பற்றி ஒரு வரி கிடையாது. முப்பது வருஷம் இந்த ஊர்க்காரர்களின் ரத்தத்தைத் துடைத்த கை அது என்று எழுத யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டிவைத்துப் பேசினார்கள். ஒரு போலீஸ் அதிகாரி நடுவில் உட்கார்ந்திருந்தார். தன்மையாகத்தான் பேசினார். ஒரு பக்கம் லாட்ஜ் அண்ணாச்சியும் இருபது பேரும். இன்னொரு பக்கம் சிஸ்டர் மட்டும். சிலை செய்தவன் என்று என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். நான் வாசல் பக்கம் நின்றேன்.

"மொதல்ல பொட்டு வச்சது யாரு? அது தெரிஞ்சா பாதிப் பிரச்சினை முடிஞ்சிரும்" என்றார் அதிகாரி.

"யாரும் வைக்கல சார்" என்றார் லாட்ஜ் அண்ணாச்சி. "நாட்டுன மறுநாள் காலைல பாத்தா நெத்தில நிக்கி. அடிச்ச மழையில ஒரு பொட்டு கரையாம நிக்கும்னா அது மனுசன் வச்சதா? தானா வந்தது சார். அம்மா இங்கன இருக்கணும்னு நெனைச்சிட்டா."

அதிகாரி சிஸ்டரிடம் திரும்பினார். "நாட்டும்போது நீங்க அங்கதான இருந்தீங்க. யாரு வச்சாங்கன்னு பாத்தீங்களா?"

சிஸ்டர் ஒருமுறை என்னைப் பார்த்தார். நான் செருப்பைப் பார்த்தேன். நான் சார் வச்சேன் என்று மூன்று வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் தானாக வந்த அம்மன் அங்கேயே பட்டறைச் சாமானாக ஆகியிருப்பாள். பாதை பிள்ளைகளுக்குக் கிடைத்திருக்கும். சிஸ்டர் தலை நிமிர்ந்து வீட்டுக்குப் போயிருப்பார். லாட்ஜ் அண்ணாச்சி இடத்தில் இருந்த என் பட்டறை போயிருக்கும். உங்களில் ஒருவனுக்கு நாலு வயது, ஒருத்தி கைக்குழந்தை. அதைக் காரணமாகச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அதுதான் காரணம்.

"மழை வந்ததும் நான் கெளம்பிட்டேன் சார். பாக்கல" என்றார் சிஸ்டர்.

அவர் பொய் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான்.

இனி அந்தச் சிலையைத் தொடமாட்டேன் என்று ஒரு வரி எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எழுதினார். கையெழுத்துப் போட்டு, மை ஒழுகின பேனாவைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். வெளியே வரும்போது என் பக்கத்தில் ஒரு நொடி நின்றார்.

"சின்னவளுக்குச் சளி விட்டுட்டா தம்பி?"

"விட்டுட்டு சிஸ்டர்."

"மழைக்குள்ள தூக்கிட்டுப் போகாதீய."

அதுதான் என்னிடம் அவர் கடைசியாகப் பேசியது. திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

அதன் பிறகு சிஸ்டர் அந்தப் பாதையில் சைக்கிள் ஓட்டவில்லை. டீக்கடைக்கும் வரவில்லை. தெருவில் சிலர் பேச்சை நிறுத்தினார்கள், சிலர் பேசினால் வம்பு என்று ஒதுங்கினார்கள். நான் இரண்டாவது ரகம். மூன்று முறை அவர் வீட்டு வாசல் வரை போயிருக்கிறேன். கதவைத் தட்டக் கை வரவில்லை. நாலாவது முறை போனபோது பூட்டியிருந்தது. நாகர்கோவிலில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டார் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். போன சீசனில் அங்கேயே இறந்துபோனார். அடக்கம் முடிந்து பத்து நாள் கழித்துத்தான் எனக்குத் தகவல் தெரிந்தது. அவருடைய முகத்தை யார் துடைத்தார்களோ, எனக்குத் தெரியாது.

அன்றைக்கே லாட்ஜ் அண்ணாச்சியிடம் போனேன். சிலையைச் சுற்றி இப்போது தகரக் கூரையும் கம்பி வேலியும் வந்துவிட்டன. அவர் வேலிக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணாச்சி, அந்தப் பொட்டு தானா வரல. நாந்தான் வச்சேன். சிஸ்டர் தொடைக்கச் சொன்னாவ, நான் தொடைக்கல. அவங்க மேல ஒரு தப்பும் கெடையாது."

பட்டறையைக் காலி செய்யச் சொல்வார் என்றுதான் எதிர்பார்த்தேன். அதற்குத் தயாராகத்தான் போனேன். அவர் எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"இத ஏம்வே இத்தன நாளாச் சொல்லல? தொடைக்கச் சொல்லியும் ஒம்ம கை தொடைக்கலன்னா, அது நீரு செஞ்சதா? அம்மா ஒம்ம கையத் தடுத்திருக்கா. கொடுத்து வச்ச கை வே இது."

"அப்பிடி இல்ல அண்ணாச்சி. சிஸ்டரு..."

"அந்தம்மா பாவம், போய்ச் சேந்துட்டா. விடும். வாற கோயில் கொடைக்கு மொத மரியாதை ஒமக்குத்தான்."

வேண்டாம் என்று சொன்னேன். எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று இப்போது யோசித்தால், போதுமான சத்தமாக இல்லை.

போன வெள்ளிக்கிழமை கொடைத் திருவிழாவில் நீங்கள் பார்த்தது அதைத்தான். எனக்குத் தலையில் பரிவட்டம் கட்டினார்கள், மாலை போட்டார்கள். என் கையால் அந்தச் சிலைக்குப் பொட்டு வைக்கச் சொன்னார்கள், வைத்தேன். கூட்டம் குலவை போட்டது. நீங்கள் இருவரும் உங்கள் அம்மாவோடு முன்வரிசையில் நின்று கை தட்டினீர்கள். வேலிக்கு அந்தப் பக்கம் நாலைந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டில் இறங்கிப் போனார்கள்.

வீட்டுக்கு வந்ததும் சின்னவள், "ஏம்ப்பா அங்கன அழுதீங்க?" என்று கேட்டாள்.

"சூடப் புகைம்மா" என்றேன்.

அதுவும் பொய்தான்.